ஏரி மேல் எழுந்து நின்ற 18 வயசுப் பையன்... யார் இந்த ரால்ஃப் சாமுவெல்சன்?

ரீல்ஸ் பார்க்கும்போது இந்தக் காட்சி உங்கள் கண்ணில் பட்டிருக்கும். ஒரு மோட்டார் படகு நேர்கோட்டில் சீறிப் போகிறது. பின்னால் கயிற்றைப் பிடித்தபடி, ஒற்றைப் பலகை மேல் ஒருவர். தோள் தண்ணீரை உரசுகிற அளவுக்குச் சாய்ந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி வளைகிறார். ஒவ்வொரு திருப்பத்திலும் ஆளுயரத்துக்குத் தண்ணீர் எழும்புகிறது. இதற்குப் பெயர் ஸ்லாலம். வாட்டர் ஸ்கீயிங்கின் மூன்று பாரம்பரியப் பிரிவுகளில் ஒன்று. டிரிக்ஸும் ஜம்ப்பும் மற்ற இரண்டு.

பல விளையாட்டுகளுக்கு எங்கே, எப்போது, யாரால் தொடங்கியது என்று சொல்லவே முடியாது. இதற்கு ஒரு பிறந்த நாளே இருக்கிறது. 1922 ஜூலை 2, ஞாயிற்றுக்கிழமை. இடம், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் லேக் சிட்டி என்கிற சின்ன ஊர். அன்றைக்குத் தண்ணீர் மேல் எழுந்து நின்ற பையனுக்கு மறுநாள்தான் 19 வயது நிறைந்தது. பெயர் ரால்ஃப் சாமுவெல்சன்.

அவர் அன்று கண்டுபிடித்தது பலகையை மட்டும் இல்லை. பலகை, கயிறு, உடம்பு மூன்றும் ஒத்துப்போனால்தான் தண்ணீர் ஆளைத் தாங்கும் என்பதைத்தான். இன்றைய ஸ்லாலம் வீரர்கள் மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வதும் இதே மூன்றோடுதான். அதனால் இவர் கதையைச் சொன்னாலே ஸ்லாலத்தின் பாதி புரிந்துவிடும்.

ஆறா, ஏரியா?

லேக் சிட்டி இருப்பது லேக் பெப்பின் கரையில். பெயர்தான் ஏரி, உண்மையில் அது மிசிசிப்பி ஆறு. சிப்பவா என்கிற துணையாறு அடித்துக்கொண்டு வரும் மணல், பெரிய ஆற்றின் குறுக்கே இயற்கையான அணை மாதிரி குவிந்துவிட்டது. அதனால் ஆறு அகன்று, சுமார் 35 கி.மீ. நீளத்துக்கு ஏரியாகிக் கிடக்கிறது. கோடையில் படகு, குளிர்காலத்தில் பனி. மினசோட்டாவில் ஸ்வீடன், நார்வே பக்கத்திலிருந்து குடியேறியவர்கள் அதிகம் என்பதால் பனிச்சறுக்கு அங்கே புதுசு இல்லை.

சாமுவெல்சன் 1903 ஜூலை 3-ல் பிறந்தவர். தண்ணீரும் படகும் அவருக்குப் பழக்கம். அந்தக் காலத்தில் அக்வாபிளேன் என்று ஒரு விளையாட்டு இருந்தது. ஒரு அகலமான பலகையைப் படகின் பின்னால் கட்டி இழுப்பார்கள். அதன்மேல் ஏறி நின்று ஒரு கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். படகு இழுப்பது பலகையை, நிற்கிறவரை அல்ல. அதில் சாமுவெல்சன் கெட்டிக்காரர்.

அவருக்கு வந்த சந்தேகம் ரொம்ப எளிமையானது. பனி மேல் இரண்டு பலகை கட்டிக்கொண்டு சறுக்க முடிகிறதே, தண்ணீர் மேல் ஏன் முடியாது? பலகைக்குப் பதிலாகப் படகு ஆளையே இழுத்தால் என்ன?

பீப்பாயிலிருந்து பைன் மரத்துக்கு

1922 ஜூன் 28. தம்பியை வைத்து இழுக்க அண்ணன் பென் படகோடு தயார். தரையில் ஓடும் வண்டிக்கான இன்ஜினை மாற்றிப் பொருத்திய வேலைப் படகு அது. இன்றைய ஸ்கீ படகின் வேகமெல்லாம் அதற்குக் கிடையாது.

முதலில் மாட்டிப் பார்த்தது பீப்பாய்ப் பலகைகளை. பீப்பாயின் உடம்பு, வளைந்த நீளப் பலகைகளைச் சேர்த்துக் கட்டியது இல்லையா, அதில் இரண்டைக் கழற்றிக் காலில் கட்டினார். மூழ்கினார். அடுத்து, பனிச்சறுக்குப் பலகைகளையே கட்டிப் பார்த்தார். அதுவும் மூழ்கியது.

ஏன்? பனி கெட்டியானது. தண்ணீர் அப்படி இல்லை. பலகை வேகமாக ஓடி, தண்ணீரைக் கீழே தள்ளினால்தான், பதிலுக்குத் தண்ணீர் பலகையை மேலே தள்ளும். இந்தத் தூக்குவிசை பலகையின் பரப்பைப் பொறுத்தது, வேகத்தையும் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் விசை ஏறக்குறைய நான்கு மடங்காகும். பென் படகில் வேகத்தைக் கூட்ட வழியில்லை. மிச்சம் இருந்தது பரப்பு ஒன்றுதான். பீப்பாய்ப் பலகை குட்டை, பனிப்பலகை ஒல்லி.

சாமுவெல்சன் மரக்கடைக்குப் போனார். ஒன்று 1 டாலர் வீதம் இரண்டு பைன் பலகைகள் வாங்கினார். 8 அடி நீளம், 9 அங்குல அகலம். முன்நுனி மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பலகை தண்ணீருக்குள் குத்தும் என்பது பனிச்சறுக்கிலிருந்தே தெரியும். அம்மா துணி வெளுக்கும் செம்பு அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, பலகை நுனிகளை அதில் ஊறவைத்தார். மரம் இளகியதும் வளைத்து, இறுக்கிக் கட்டிக் காயவிட்டார். கால் நுழைக்கத் தோல் வார். இழுக்க ஜன்னலுக்குப் பயன்படும் பருத்திக் கயிறு, 100 அடி. கைப்பிடிக்கு, கொல்லர் அடித்துக் கொடுத்த ஓர் இரும்பு வளையம். அதன் குறுக்களவே 4 அங்குலம்தான். இரண்டு கையும் அந்தச் சின்ன வளையத்தைப் பிடித்தாக வேண்டும். அது உள்ளங்கையை என்ன பாடுபடுத்தியிருக்கும் என்று யோசித்தாலே வலிக்கிறது.

மூக்கு மேலே, முதுகு பின்னே

பெரிய பலகை வந்த பிறகும் வேலை முடியவில்லை. படகு கிளம்பியதும் அவர் கவிழ்ந்தார். திரும்பவும் கவிழ்ந்தார். நாள்கள் ஓடின.

சிக்கல் பலகையில் இல்லை, அவர் கிளம்பிய விதத்தில் இருந்தது. பலகைகளைத் தண்ணீர் மட்டத்துக்குப் படுக்கையாக வைத்துக் கிளம்பிக்கொண்டிருந்தார். பனியில் அப்படித்தானே நிற்போம். ஆனா தண்ணீரில் கயிறு இழுத்த அடுத்த நொடியே உடம்பு முன்னால் சாய்கிறது, பலகை நுனி உள்ளே குத்துகிறது, கதை முடிந்தது.

ஜூலை 2 அன்று மாற்றிச் செய்தார். தண்ணீரில் பின்னால் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்துகொண்டு, பலகை நுனிகளை வெளியே நீட்டினார். படகு இழுத்தது. தண்ணீர் பலகையின் அடிப்பக்கத்தில் மோதியது, தூக்கியது. எழுந்து நின்றார். கரையில் வேடிக்கை பார்த்தவர்களுக்கு அவர் தண்ணீர் மேல் நடக்கிற மாதிரிதான் தெரிந்திருக்கும்.

நூறு வருஷம் தாண்டிவிட்டது. இன்றைக்கும் எந்த ஊரில் யாருக்கு வாட்டர் ஸ்கீயிங் சொல்லிக் கொடுத்தாலும் முதல் பாடம் இதுதான். முழங்காலை மார்போடு ஒட்டிக்கொள், கையை மடக்காதே, நுனியை வெளியே வை, படகு உன்னைத் தூக்கட்டும், நீயாக எழுந்திருக்க அவசரப்படாதே. புதிதாகக் கற்றுக்கொள்பவர்களில் பெரும்பாலானோர் விழுவதற்குக் காரணம் பலமின்மை அல்ல, அவசரம். கையை மடக்கித் தன் பக்கம் இழுப்பார்கள், கயிறு ஒரு கணம் தொய்யும், அப்படியே பின்பக்கம் விழுவார்கள். இல்லாவிட்டால் சீக்கிரம் எழுந்து முகம் குப்புற விழுவார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சாமுவெல்சனின் பின்சாய்வு கிளம்புவதற்கான வித்தை. எழுந்த பிறகும் அதே மாதிரி பின்காலில் எடையைப் போட்டுக்கொண்டு போனால், ஸ்லாலத்தில் அதுவே எதிரி. பலகையின் வால் அமுங்கும், நுனி தூக்கும், வேகம் குறையும், திரும்பவே திரும்பாது. ஸ்லாலத்தில் சாய்வது படகுக்கு எதிர்ப்பக்கம், உடம்பு முழுக்க ஒரே கோடாக. எடை இரண்டு காலிலும் இருக்க வேண்டும், முன்காலில் கொஞ்சம் கூடுதலாகவே. இந்த வித்தியாசம் பிடிபட சிலருக்கு ஒரு சீசனே ஆகும்.

ஒற்றைப் பலகையும் ஆறு மிதவைகளும்

இரண்டு பலகையில் நின்றதோடு சாமுவெல்சன் விடவில்லை. ஒற்றைப் பலகையில் சறுக்கிய முதல் ஆள் என்ற பெயரும் அவருக்கே கிடைத்திருக்கிறது. ஸ்லாலம் என்பது நார்வே மொழியிலிருந்து பனிச்சறுக்கு வழியாக வந்த சொல். பனிமலையில் கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்குவது அது. தண்ணீரில் கம்பத்துக்குப் பதில் மிதவை.

இன்றைய போட்டிப் பாதை எப்படி இருக்கும்? மொத்த நீளம் 259 மீட்டர். படகு நடுவே நேராகப் போகும், இம்மியும் விலகக் கூடாது. நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி, இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என ஆறு மிதவைகள். வீரர் நுழைவாயில் மிதவைகளுக்கு நடுவே புகுந்து, ஆறையும் வெளிப்பக்கமாகச் சுற்றி, வெளிவாயில் வழியே போக வேண்டும். ஆண்களுக்கு அதிகபட்ச வேகம் மணிக்கு 58 கி.மீ., பெண்களுக்கு 55. ஆண்கள் வேகத்தில் மொத்தப் பாதையும் சுமார் 16 நொடிதான். அதாவது இரண்டரை நொடிக்கு ஒரு மிதவை. நீங்கள் இந்தப் பத்தியைப் படித்து முடிக்கும் நேரத்தில் ஒருவர் பாதையையே முடித்துவிடுவார்.

ஆறும் சுற்றிவிட்டால் படகின் வேகம் கூடும், ஒவ்வொரு முறையும் 3 கி.மீ. உச்ச வேகத்தைத் தொட்ட பிறகு என்ன செய்வது? கயிற்றைக் குறைப்பார்கள். 18.25 மீட்டரில் ஆரம்பித்து 16, 14.25, 13, 12 என்று போய் 11.25 மீட்டருக்கு வரும். இங்கேதான் சுவாரஸ்யம். மிதவை இருப்பது 11.5 மீட்டர் தள்ளி. கயிற்றின் நீளமே அதைவிடக் குறைவு! மீதித் தூரத்தை வீரர் தன் உடம்பை நீட்டித்தான் ஈடுகட்ட வேண்டும். ஒரு கையை விட்டு, மறுகையைப் படகு நோக்கி நீட்டி, உடம்பை முழுக்க வெளியே தள்ளி, பலகை மட்டும் மிதவையைச் சுற்றி வரவேண்டும். உலகின் முன்னணி வீரர்கள் 10.25, 9.75 மீட்டர் வரை போகிறார்கள். 100 அடி, அதாவது 30 மீட்டர் ஜன்னல் கயிற்றில் தொடங்கிய விளையாட்டு அது.

இதில் டெக்னிக் என்று சொன்னால் பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒரே விஷயம்: கைப்பிடி இடுப்போடு ஒட்டியிருக்கட்டும். படகின் பின்னால் எழும் அலையை, அவர்கள் பாஷையில் வேக், கடக்கும்போது இழுவை உச்சத்தில் இருக்கும். கை நேராக, கைப்பிடி தொடைக்கு மேலே ஒட்டி, இடுப்பு முன்னால், முழங்கால் லேசாக மடங்கி இருந்தால் அந்த இழுவை தோளைத் தாண்டி இடுப்பு வழியாகக் காலுக்குப் போய் பலகைக்குச் சேரும். கைப்பிடி உடம்பை விட்டு விலகினால் படகு பலகையை இழுக்காது, உங்கள் நெஞ்சை இழுக்கும். இடுப்பு பின்னால் தள்ளும், முதுகு வளையும். வெளியிலிருந்து பார்த்தால் நாற்காலியில் உட்காரப் போகிற மாதிரி இருக்கும்.

இன்னொன்று, வேகத்தை எங்கே சேர்ப்பது என்பது. மிதவையிலிருந்து திரும்பியதும், முதல் வேக் வரைக்கும்தான் முழு பலத்தோடு சாய வேண்டும். அலையின் நடுவைத் தாண்டியதும் அடங்கி, பலகையின் விளிம்பை மறுபக்கம் மாற்ற வேண்டும். ஆர்வக்கோளாறில் மிதவை வரைக்கும் இழுத்துக்கொண்டே போகிறவர் அங்கே அதிவேகத்தில் போய்ச் சேருவார், கயிறு தொய்யும், அடுத்த மிதவைக்குத் தாமதமாவார். ஆபீஸில் டெட்லைன் தள்ளிப்போகிற மாதிரிதான். முதல் மிதவையில் அரை நொடி தாமதம் என்றால் நான்காவதில் எட்டவே முடியாது.

அண்டாவிலிருந்து கார்பனுக்கு

சாமுவெல்சனின் பலகை 8 அடி. இன்றைய ஸ்லாலம் பலகை ஐந்தரை அடிக்குப் பக்கத்தில். 75 முதல் 80 கிலோ எடையுள்ள ஒருவர், உச்ச வேகத்துக்குப் பக்கத்தில் சறுக்கினால் 66, 67 அங்குலப் பலகை பொருந்தும். எடை கூடினாலோ, வேகம் குறைந்தாலோ, இன்னும் நீளம் வேண்டும். அதே பழைய பரப்பு, வேகம் கணக்கு. கற்றுக்கொள்ளும் காலத்தில் அகலமான பலகைதான் நல்லது. பார்க்க கெத்தாக இருக்கிறதே என்று போட்டிக்கான ஒல்லிப் பலகையை வாங்குபவர்கள் மூழ்குவது, 1922-ல் பனிப்பலகை மூழ்கிய அதே காரணத்தால்தான்.

பலகையின் வால் பக்கத்துக்கு அடியில் ஒரு உலோகத் தகடு இருக்கும். ஃபின் என்பார்கள். அதன் ஆழம், நீளம், வாலிலிருந்து அதன் தூரம் மூன்றையும் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில் மாற்றுவார்கள். சும்மா சொல்லவில்லை, காலிப்பர் வைத்து அளப்பார்கள். ஃபின் ஆழமாக இறங்கினால் வால் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். மேலே ஏறினால் வால் எளிதில் வழுக்கும். காலை மாட்டும் பைண்டிங்கை முன்னால் நகர்த்தினால் நுனி ஆழமாக இறங்கிச் சட்டென்று திரும்பும், அளவு மீறினால் குத்தும். பின்னால் நகர்த்தினால் நுனி உயரும், பலகை வேகமாக ஓடும், ஆனா திரும்பச் சோம்பல்படும்.

என் பார்வையில் இதில் புதியவர்கள் செய்யும் தவறு, விழுந்ததும் ஃபின்னைத் திருகுவதுதான். பலகை உற்பத்தியாளர் கொடுத்த அளவிலேயே வைத்துக்கொண்டு முதலில் நிற்கும் விதத்தைச் சரிசெய்ய வேண்டும். அப்புறமும் பிரச்னை என்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். சாமுவெல்சனும் கடைசியில் ஜெயித்தது பலகையை மாற்றி அல்ல, அதே பலகையில் சாய்வை மாற்றி.

பன்றிக்கொழுப்பும் பறக்கும் படகும்

அடுத்த சில வருஷங்கள் அவர் ஊர் ஊராக வித்தை காட்டினார். லேக் சிட்டியில் அவர் நடத்திய காட்சிகளில் வசூலான பணம் ஊரின் படகுத்துறைக்குப் போனது. அவர் கைக்கு வரவில்லை. மிச்சிகன் முதல் ஃபுளோரிடா வரை போய்ச் சறுக்கிக் காட்டியிருக்கிறார்.

1925 ஜூலை 8 அன்று இன்னொரு முதல். ஏரியில் குதிப்பதற்காக மிதக்கவிட்டிருந்த மர மேடையை ஒரு பக்கம் தண்ணீரில் அமிழ்த்திச் சாய்வாக்கினார். காய்ந்த மரத்தில் பலகை வழுக்காது என்பதால் மேடை மேல் பன்றிக்கொழுப்பைத் தடவினார். படகு பக்கத்தில் போக, இவர் மேடை ஏறிப் பாய்ந்தார். வாட்டர் ஸ்கீ ஜம்ப்பின் ஆரம்பம் இதுதான். அதே கோடையில் முதல் உலகப்போர்க் காலத்துக் கர்ட்டிஸ் கடல் விமானம் ஒன்றில் கயிற்றைக் கட்டிக்கொண்டும் சறுக்கினார். வேகம் மணிக்கு சுமார் 80 மைல், கிட்டத்தட்ட 130 கி.மீ. தோல் வாரில் கால், இரும்பு வளையத்தில் கை. இன்றைய பாதுகாப்பு விதிகளை எழுதுபவர்கள் இதைப் படித்தால் மயங்கி விழுவார்கள். யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

காப்புரிமையை விட்டவர்

இவ்வளவு செய்தவர் ஒன்றைச் செய்யவில்லை. பலகைக்குக் காப்புரிமை வாங்கவில்லை.

நியூயார்க் பக்கத்தில் ஹன்டிங்டன் என்ற ஊரில் ஃபிரெட் வாலர் என்பவர் இருந்தார். சாமுவெல்சனைப் பற்றி எதுவும் தெரியாமலேயே அவரும் தனியாக ஒரு பலகையை உருவாக்கினார். சூளையில் உலர்த்திய மஹோகனி மரம். 1925 அக்டோபர் 27-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. டால்ஃபின் அக்வா ஸ்கீஸ் என்ற பெயரில் விற்பனைக்கும் வந்தது. வாலர் சாதாரண ஆள் இல்லை. பின்னாளில் சினிமா ரசிகர்களை வாயைப் பிளக்கவைத்த சினிரமா அகலத்திரையைக் கண்டுபிடித்தவரும் அவரே. அவர் செய்ததில் தப்பும் எதுவுமில்லை. ஆனா காகிதத்தில் இருந்தது அவர் பெயர்தான். அதனால் வாட்டர் ஸ்கீயிங் என்றால் வாலர் என்பதே பல காலம் நிலைத்தது.

1939-ல் அமெரிக்க வாட்டர் ஸ்கீ சங்கம் உருவானது. அதே ஆண்டு நியூயார்க்கின் ஜோன்ஸ் பீச்சில் முதல் தேசியப் போட்டி நடந்தது. ஸ்லாலம் போட்டி விளையாட்டாக வளர்ந்தது அதற்குப் பிறகுதான். அதற்குள் சாமுவெல்சன் தண்ணீரை விட்டு விலகியிருந்தார்.

முதுகு போன கதை

விலகக் காரணங்களில் ஒன்று முதுகு. ஃபுளோரிடாவில் கட்டுமான வேலையில் ஏற்பட்ட விபத்தில் முதுகில் பலமாக அடிபட்டது. விமானத்தின் பின்னால் சறுக்கியபோது எதுவும் ஆகாதவர், கரையில் வேலை செய்யும்போது அடிபட்டார். முதுகு போனால் இந்த விளையாட்டில் எதுவும் மிச்சமில்லை. படகின் இழுவையும் பலகையின் எதிர்ப்பும் சந்திக்கும் இடமே கீழ்முதுகும் இடுப்பும்தான்.

அதனால்தான் ஸ்லாலம் வீரர்களின் ஜிம் அட்டவணை பாடிபில்டர் அட்டவணை மாதிரி இருக்காது. பைசெப்ஸுக்கு அங்கே பெரிய மரியாதை கிடையாது. கை மடங்கவே கூடாதே! முக்கியம் டெட்லிஃப்ட்: இடுப்பிலிருந்து மடங்கி, முதுகை நேராக வைத்து எடையைத் தூக்குவது. வேக் கடக்கும்போது உடம்புக்குத் தேவைப்படுவது கிட்டத்தட்ட அதே நிலை. அப்புறம் முதுகின் பக்கத் தசைகளுக்கு ரோயிங். வயிற்றுக்கு பிளாங்க், சைடு பிளாங்க். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நிற்பதால் ஸ்ப்ளிட் ஸ்குவாட். பிடிமானத்துக்கு இரண்டு கையிலும் கனமான எடையைத் தூக்கிக்கொண்டு நடப்பது. தண்ணீர்க் குடம் சுமந்து நடக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பலருக்கும் முதலில் களைப்பது காலோ மூச்சோ இல்லை, முன்கை.

டெஸ்க் வேலை பார்ப்பவர்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதால் இடுப்பின் முன்தசை இறுகிப்போய், இடுப்பை முன்னால் கொண்டுவரச் சொன்னால் வராது. அதற்குப் பதில் கீழ்முதுகு வளையும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் இடுப்பைத் தளர்த்தும் பயிற்சி, புதுப் பலகையைவிட அதிகம் உதவும். செலவும் இல்லை.

ஒரு முறை தண்ணீரில் இறங்கினால் ஆறு பாஸ் போல ஓடிவிட்டு ஏறிவிடுவது வழக்கம். ஒரு பாஸ் 16 நொடிதானே, இன்னும் ரெண்டு போவோம் என்று தோன்றும். களைத்த உடம்பில் கைப்பிடி விலகும், இடுப்பு பின்னே போகும், அடுத்த விழுகையை முதுகோ கணுக்காலோ வாங்கிக்கொள்ளும். லைஃப் ஜாக்கெட் இல்லாமலும், படகில் உங்களையே கவனிக்க இன்னொரு ஆள் இல்லாமலும் இறங்கவே கூடாது.

சுவரில் தொங்கிய பலகை

சாமுவெல்சன் மினசோட்டாவுக்கே திரும்பி, பைன் ஐலண்ட் பக்கத்தில் வான்கோழி வளர்த்தார். ஏரியில் பிறந்த விளையாட்டு அதற்குள் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஃபுளோரிடாவின் சைப்ரஸ் கார்டன்ஸில் தினமும் ஸ்கீ காட்சிகள், சினிமாக்களில் ஸ்கீ காட்சிகள். அதைப் பார்த்துக் கைதட்டியவர்களுக்கு, இதைத் தொடங்கியவர் ஒரு பண்ணையில் வான்கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரியாது.

1963-ல் செயின்ட் பால் நகரின் பயோனியர் பிரஸ் நாளிதழ் நிருபர் ஒருவர் லேக் சிட்டிக்கு வந்தார். ஏரிக்கரைக் குளியல் கூடத்தில் இரண்டு பெரிய, பழைய மரப்பலகைகள் தொங்குவதைப் பார்த்தார். இது என்ன என்று விசாரித்தார். கதை அப்படித்தான் வெளியே வந்தது. ஊர்க்காரர்கள் சாட்சி இருந்தார்கள், பலகை கையில் இருந்தது. மூன்று வருஷம் கழித்து, 1966-ல், அமெரிக்க வாட்டர் ஸ்கீ சங்கம் முதலில் தண்ணீர் மேல் நின்றவர் சாமுவெல்சன்தான் என்று முறைப்படி ஏற்றுக்கொண்டது. ஜூலை 2-லிருந்து கணக்குப் போட்டால் 44 வருஷம். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது.

அங்கீகாரம் வந்தபோது பார்க்க அவர் உயிரோடு இருந்தார் என்பதே பெரிய விஷயம். 1977 ஆகஸ்ட் 28-ல், 74 வயதில், பைன் ஐலண்டில் இறந்தார். வாட்டர் ஸ்கீயிங் பிறந்த ஊர் என்று லேக் சிட்டி இன்றும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது.